நீதிபதி ஏரன் பெர்ஸ்கி: நியமனம், தேர்தல், பதவி நீக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கீழ்நிலை நீதிபதிகளைக்கூட மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், சில மாநிலங்களில் ஓட்டுப்போட்டே வீட்டுக்கும் அனுப்பலாம் என்றால் நம்மவர்கள் பலருக்கு நம்ப முடிவதில்லை. அதற்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் சொல்கிற பெயர் ஏரன் பெர்ஸ்கி. அவரைப் பற்றிச் சுற்றும் தகவல்களில் பாதி அரைகுறை. எனவே கேள்வி பதிலாகவே எழுதிவிடுகிறேன்.

யார் இந்தப் பெர்ஸ்கி?

கலிஃபோர்னியாவில் சான்ட்டா கிளாரா கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) விசாரணை நீதிமன்றத்தில் 2003 முதல் 2018 வரை நீதிபதியாக இருந்தவர். சான் ஹோசே, சன்னிவேல், கூப்பர்டினோ, பாலோ ஆல்டோ என்று நம்மவர்கள் நிறைய வாழும் ஊர்களெல்லாம் அந்த கவுன்டிக்குள்தான் வருகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, பெர்க்லியில் சட்டப் பட்டம் வாங்கி, கொஞ்ச காலம் தனியார் சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்து, அப்புறம் அதே கவுன்டியில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆனார். அங்கே பாலியல் குற்ற வழக்குகளையும் நடத்தியிருக்கிறார். பின்னால் வந்த சண்டையில் பலருக்குத் தெரியாமலே போன விஷயம் இது. பாலியல் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தருவதையே வேலையாக வைத்திருந்தவர்தான், அப்படி ஒரு குற்றவாளியிடம் மென்மையாக நடந்தார் என்று பதவி இழந்தார்.

நீதிபதி எப்படி ஆனார்? தேர்தலில் ஜெயித்தா?

இல்லை. 2002-இல் கவுன்டி நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அடுத்த ஆண்டே ஆளுநர் கிரே டேவிஸ் அவரைக் காலியிடம் ஒன்றில் நியமித்துவிட்டார். மக்கள் வேண்டாம் என்றவரை ஆளுநர் கொண்டுவந்து உட்கார வைத்ததாக இதைச் சிலர் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. அந்தத் தேர்தலில் மக்கள் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். ஆளுநர் நியமனம் என்பது கலிஃபோர்னியாவில் சாதாரணமாக நடப்பது. விசாரணை நீதிபதிகளில் பெரும்பாலோர் முதலில் நியமனம் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள், ஏனென்றால் பலர் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்தை நிரப்பும் அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது.

அப்படியென்றால் தேர்தல் எதற்கு?

பதவிக்காலம் ஆறு ஆண்டு. அது முடியும்போது நீதிபதி மக்கள் முன் வரவேண்டும். கட்சிச் சின்னம் கிடையாது, வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே தொழில் மட்டும் இருக்கும். பத்து ஆண்டுகள் வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இருந்தவர் யாரும் எதிர்த்து நிற்கலாம்.

ஆனால் பதவியில் இருப்பவரை எதிர்த்து அநேகமாக யாரும் நிற்பதில்லை. நாளைக்கு அதே நீதிபதி முன் வாதாடப் போகிற வக்கீலுக்கு அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்யத் துணிச்சல் வருமா? எதிராளி இல்லாவிட்டால் நீதிபதியின் பெயர் வாக்குச்சீட்டிலேயே வராது, தானாகவே இன்னொரு ஆறு ஆண்டு கிடைத்துவிடும். பெரும்பாலான வாக்காளர்களுக்குத் தங்கள் கவுன்டி நீதிபதிகளில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. இது அவர்கள் குற்றமும் இல்லை.

எந்த வழக்கு அவரைப் பிரபலமாக்கியது?

2015 ஜனவரி 18 அதிகாலை. ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் மாணவர் விருந்து நடந்த ஒரு விடுதிக் கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத்தொட்டி ஒன்றின் அருகே, நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை பிராக் டர்னர் என்ற மாணவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். அவருக்கு வயது 19, பல்கலைக்கழக நீச்சல் அணி வீரர். சைக்கிளில் அந்த வழியாக வந்த ஸ்வீடன் நாட்டு மாணவர்கள் இருவர் பார்த்துவிட்டு, ஓடப் பார்த்தவரைத் துரத்தி அமுக்கிப் பிடித்தார்கள். 2016 மார்ச் 30 அன்று ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்ட நடுவர் குழு, மூன்று கடும் குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. அரசுத் தரப்பு 6 ஆண்டு மாநிலச் சிறை கேட்டது. ஜூன் 2 அன்று பெர்ஸ்கி கொடுத்தது கவுன்டி ஜெயிலில் (குறுகிய காலத் தண்டனைக்கான உள்ளூர்ச் சிறை) 6 மாதம், மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, அதோடு பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் ஆயுள் முழுக்கப் பெயர். அந்த 6 மாதமும் நன்னடத்தைக் கழிவால் மூன்று மாதமாகி, செப்டம்பர் 2 அன்று டர்னர் வெளியே வந்துவிட்டார்.

கோபம் ஏன் இவ்வளவு பெரிதாக வெடித்தது?

பாதிக்கப்பட்ட பெண் நீதிமன்றத்தில் டர்னரைப் பார்த்தே வாசித்த அறிக்கைதான் காரணம். தண்டனை வந்த மறுநாள் அது இணையத்தில் முழுமையாக வெளியானது. லட்சக்கணக்கானோர் படித்தார்கள். சிஎன்என் தொலைக்காட்சியில் ஒரு தொகுப்பாளர் நேரலையில் வாசித்தார், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினர்கள் மாறி மாறி வாசித்தார்கள். அப்போது அந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. சனேல் மில்லர் என்று 2019-இல் அவரே வெளியே வந்து சொன்னார். இவ்வளவு பெரிய அலைக்கு நடுவில் மூன்று ஆண்டுக்கும் மேலாகப் பெயர் வெளிவராமல் காக்கப்பட்டதை நான் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன்.

இன்னொரு பக்கம் டர்னரின் தந்தை நீதிபதிக்கு எழுதிய கடிதம். மகனின் இருபது ஆண்டு வாழ்க்கையில் வெறும் இருபது நிமிடச் செயலுக்கு இது பெரிய விலை என்கிற மாதிரி அதில் இருந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அது போதாதா? கூடவே, சிறைக்கு அனுப்பினால் அவருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படும் என்று நீதிபதி தண்டனை சொல்லும்போது குறிப்பிட்டதும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ன ஆனது என்று கேட்டவர்கள் கேட்டது முழுக்க நியாயம். அந்தத் தண்டனை தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீதிபதி சட்டத்தை மீறினாரா?

மீறவில்லை. அந்தக் குற்றங்களில் ஒன்றுக்கு மாநிலச் சிறைதான் பொது விதி. ஆனால் வழக்கு வழக்கத்துக்கு மாறானது என்று நீதிபதி கருதினால் சிறைக்குப் பதில் கண்காணிப்பில் விடலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருந்தது. அவர் அந்த விதிவிலக்கைப் பயன்படுத்தினார். முன்பு குற்றம் செய்யாதவர், வயது குறைவு என்பதெல்லாம் அவர் எடுத்துக்கொண்ட காரணங்கள். கண்காணிப்புத் துறை அதிகாரி தந்த அறிக்கையும் கவுன்டி ஜெயிலைத்தான் பரிந்துரைத்தது. அதாவது நீதிபதி தன்னிச்சையாக எங்கிருந்தோ ஒரு தண்டனையைப் பிடுங்கி எடுக்கவில்லை, கையில் வந்த பரிந்துரையை ஒட்டியே போனார்.

கலிஃபோர்னியாவில் நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்க ஓர் ஆணையம் உண்டு. ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. இந்த வழக்கோடு அவர் தீர்த்த வேறு சில வழக்குகளையும் அது ஆராய்ந்தது. பாரபட்சம் காட்டியதற்கோ அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கோ தெளிவான சான்று இல்லை என்று 2016 டிசம்பரில் முடிவு சொன்னது. எதிர்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. விளையாட்டு வீரர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் தப்பிக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் தொடர்ந்து வைத்த குற்றச்சாட்டு.

அந்த ஆண்டே தேர்தல் இருந்ததே, தோற்கடித்திருக்கலாமே?

இங்கேதான் கதை நின்று யோசிக்க வைக்கிறது. பெர்ஸ்கியின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் வந்தது 2016 ஜூன் 7 அன்று, தண்டனை சொல்லி ஐந்தே நாளில். வேட்புமனுத் தாக்கல் மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டது, அப்போது ஜூரியின் தீர்ப்புகூட வரவில்லை. யாரும் எதிர்த்து மனு போடவில்லை. அதனால் நாடே அவர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில், வாக்குச்சீட்டில் பெயர்கூட இல்லாமல் அவருக்கு இன்னொரு ஆறு ஆண்டு கிடைத்தது.

ஒழுங்கான போட்டித் தேர்தல் ஒன்று சரியான நேரத்தில் இருந்திருந்தால் பிறகு நடந்த எதுவும் தேவைப்பட்டிருக்காது. மக்கள் கையில் வழக்கமான ஆயுதம் இல்லாமல் போனதால்தான் அவசர ஆயுதத்தை எடுத்தார்கள்.

அந்த அவசர ஆயுதம் என்ன?

திரும்ப அழைத்தல். பதவியில் இருப்பவரைக் காலம் முடியும் முன்பே ஓட்டுப்போட்டு நீக்குவது. 1911-இல் சீர்திருத்த ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் கலிஃபோர்னிய அரசியலமைப்பில் நுழைந்தது, நீதிபதிகளையும் சேர்த்தே. அதே ஆண்டு அரிசோனாவும் நீதிபதிகளைத் திரும்ப அழைக்கும் விதியோடு மாநில அந்தஸ்து கேட்டபோது, அதிபர் டாஃப்ட் அந்த விதிக்காகவே மறுத்துவிட்டார். அரிசோனா விதியை நீக்கி 1912-இல் மாநிலம் ஆனது, ஆன கையோடு திரும்பச் சேர்த்துக்கொண்டது. நூறு ஆண்டுக்கு முன்பே இதற்காக இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது.

முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பிறகு குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர் கையெழுத்து திரட்ட வேண்டும். பெர்ஸ்கி விஷயத்தில் தேவைப்பட்டது 58,634. கொண்டுபோய்க் கொடுத்தது 90 ஆயிரத்துக்கும் மேல். கையெழுத்து போட்டவர்கள் அந்த கவுன்டியின் பதிவு பெற்ற வாக்காளர்களாக இருக்க வேண்டும். இணையத்தில் உலகம் முழுக்க 10 லட்சம் பேருக்கு மேல் போட்ட கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு எதுவும் கிடையாது.

பிரசாரத்தை நடத்தியது யார்?

ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியை மிஷேல் டாபர். பாதிக்கப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்குத் தெரிந்தவர், பல்கலைக்கழகங்களில் பாலியல் வன்முறையை எப்படிக் கையாள வேண்டும் என்பதில் முன்பிருந்தே குரல் கொடுத்தவர். ஒரு வழக்கை மட்டும் சொல்லாமல் பெர்ஸ்கியின் பழைய வழக்குகளையும் எடுத்து, இது ஒரு போக்கு என்று நிறுவப் பார்த்தார். 2017-இல் மீ டூ அலை கிளம்பியதும் பிரசாரத்துக்கு வேகம் கூடியது.

பெர்ஸ்கி தரப்பு நீதிமன்றம் போனது. விசாரணை நீதிபதி மாநில அதிகாரி, எனவே கையெழுத்து வேலையை கவுன்டி தேர்தல் அலுவலகம் அல்ல, மாநிலச் செயலர்தான் பார்க்க வேண்டும் என்பது வாதம். கொஞ்ச நாள் தடை கிடைத்தது, கடைசியில் தோற்றார்கள். எதிர்த் தரப்பின் வக்கீல் செலவாக 1,60,000 டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டிய நிலை பெர்ஸ்கிக்குப் பின்னால் வந்தது.

பெர்ஸ்கி தன் பக்கத்தைச் சொல்லவே இல்லையா?

சொல்ல முடியவில்லை என்பதுதான் பொருத்தம். நிலுவையில் இருக்கும் வழக்கு பற்றி நீதிபதி பொதுவில் பேசக்கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. டர்னர் மேல்முறையீடு செய்திருந்தார், அது தள்ளுபடி ஆனது 2018 ஆகஸ்டில், அதாவது வாக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து. எந்தத் தண்டனைக்காக அவரை நீக்கக் கேட்டார்களோ அதைப் பற்றியே பிரசாரம் முழுக்க அவர் விளக்க முடியாது. அரசியல்வாதிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நீதிபதியை அரசியல்வாதி மாதிரித் தேர்தலில் நிறுத்தும் எந்த முறைக்கும் இந்தக் கோணல் இருக்கும்.

பொதுவாகச் சொல்ல முடிந்ததைச் சொன்னார். அரசு வழக்கறிஞராக இருந்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடினேன், நீதிபதியின் வேலை இரண்டு பக்கத்தையும் பார்ப்பது, முதல்முறை குற்றம் செய்தவர் திருந்த வாய்ப்பு உண்டா என்று பார்க்கச் சட்டமே சொல்கிறது. இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

பெண்ணுரிமை பேசுகிறவர்கள் எல்லாரும் நீக்கத்தை ஆதரித்தார்களா?

கிடையவே கிடையாது. எதிர்ப்பிரசாரத்தின் முகமாக இருந்தவர் லடோரிஸ் கார்டெல். ஓய்வு பெற்ற நீதிபதி, வட கலிஃபோர்னியாவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. அந்தத் தண்டனையைக் கடுமையாக எதிர்த்த கவுன்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜெஃப் ரோசனும் நீக்கம் வேண்டாம் என்றார். தண்டனை வந்த சில நாளில் இன்னொரு பாலியல் வழக்கிலிருந்து பெர்ஸ்கியை விலக்கக் கேட்டதும் இதே ரோசன் அலுவலகம்தான், என்றாலும் நீக்கத்துக்கு அவர் உடன்படவில்லை. வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. சட்டப் பேராசிரியர்கள் பலர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள்.

எல்லாருக்கும் மேலாக, ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் வக்கீல்கள் பயந்தார்கள். காரணம் எளிது. ஒரு நீதிபதி இரக்கம் காட்டியதற்காக வேலை இழந்தால், மற்ற நீதிபதிகள் என்ன பாடம் படிப்பார்கள்? அந்தப் பாடத்தின் விலையைக் கொடுக்கப் போவது ஸ்டான்ஃபோர்டு நீச்சல் வீரர்கள் அல்ல. அந்த நீதிமன்றங்களில் தினமும் கைவிலங்கோடு நிற்கிறவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள், லத்தீனோக்கள், பணம் இல்லாதவர்கள்.

முடிவு என்ன ஆனது?

2018 ஜூன் 5 வாக்கெடுப்பு. சுமார் 62 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். ஒரே சீட்டில் இரண்டு கேள்வி இருந்தது. நீக்கலாமா என்பது ஒன்று, நீக்கினால் யார் வரவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சிண்டி ஹெண்ட்ரிக்சன் ஜெயித்தார்.

2002-இல் போட்டியிட்டுத் தோற்றவர் 2018-இலும் மக்கள் ஓட்டில் தோற்றார். நடுவில் இருந்த பதினைந்து ஆண்டுப் பணி ஆளுநர் நியமனத்தில் தொடங்கியது, 2016-இல் போட்டியே இல்லாமல் நீண்டது.

இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா?

கலிஃபோர்னியாவில் கடைசியாக 1932-இல், லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதிகள் மூவரை ஒரே தேர்தலில் நீக்கினார்கள். அமெரிக்க அளவில் கடைசி 1977. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் ஆர்ச்சி சிமன்சன் என்ற நீதிபதி, பாலியல் வன்முறை வழக்கு ஒன்றில் பெண்களின் உடையைக் காரணம் காட்டிப் பேசியதற்காக நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு மொரியா க்ரூகர் என்ற பெண் தேர்வானார்.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது 1913 சான் ஃபிரான்சிஸ்கோ. சார்ல்ஸ் வெல்லர் என்ற போலீஸ் நீதிமன்ற நீதிபதி பாலியல் வழக்கு ஒன்றில் ஜாமீன் தொகையைக் குறைத்தார், குற்றம் சாட்டப்பட்டவர் ஓடிப்போனார். கலிஃபோர்னியப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மகளிர் சங்கங்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அவரை நீக்கிக் காட்டின. நீதிமன்றம் தங்களைக் கேட்காதபோது பெண்கள் வாக்குச்சீட்டைக் கையில் எடுப்பது அங்கே புதிதல்ல. அதனால்தான் 2018-இல் ஓட்டுப்போட்டவர்களை வெறும் உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் என்று ஒதுக்க என்னால் முடியாது.

நீக்கத்தால் மற்ற நீதிபதிகள் மாறினார்களா?

மாறினார்கள் என்றுதான் தெரிகிறது. சான்ஃபர்ட் கார்டன், சிடக் இன்டிசோ என்ற இரு அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவின் சில கவுன்டிகளின் தண்டனை விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். நீக்கப் பிரசாரம் அறிவிக்கப்பட்டதுமே மற்ற நீதிபதிகள் தந்த தண்டனைக் காலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. ஓட்டுப்பதிவு வரை காத்திருக்கவே இல்லை, அறிவிப்பே போதுமானதாக இருந்தது.

ஏழைகளின் வக்கீல்கள் பயந்தது இதைத்தான். டர்னர் வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத யாரோ சிலர் கூடுதல் மாதங்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள். அவர்கள் முகம் எந்தத் தொலைக்காட்சியிலும் வரவில்லை.

சட்டம் மாறவில்லையா?

மாறியது, அதுவும் சீக்கிரமே. 2016 செப்டம்பர் 30 அன்று ஆளுநர் ஜெரி பிரவுன் இரண்டு மசோதாக்களில் கையெழுத்திட்டார். நினைவிழந்த அல்லது போதையில் இருக்கும் ஒருவரைப் பாலியல் வன்முறை செய்தால் கண்காணிப்பில் விட முடியாது, சிறை கட்டாயம் என்றது ஒன்று. சம்மதமில்லாத பாலியல் தாக்குதல் எல்லா வடிவத்திலும் வன்புணர்ச்சியே என்று ஏற்றது மற்றொன்று. பெர்ஸ்கி நுழைந்த கதவு அன்றோடு அடைபட்டது, நீக்கத்துக்கு ஒன்றே முக்கால் ஆண்டு முன்பே. கட்டாயத் தண்டனை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனாலும் நீதிபதி ஒருவரைத் தண்டித்து மற்றவர்களுக்குப் பயம் காட்டுவதைவிட, விதி இதுதான் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதி வைப்பது எவ்வளவோ மேல்.

அப்படியானால் நீங்கள் நீக்கத்துக்கு எதிரா?

ஆமாம். லஞ்சம் வாங்கினால், சாதி இனம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், வழக்குக்கு வந்த பெண்ணை அவமதித்தால் நீக்கட்டும், சிமன்சனை நீக்கியது சரியென்றே நினைக்கிறேன். சட்டம் அனுமதித்த எல்லைக்குள் தந்த ஒரு தீர்ப்புக்காக நீக்குவது வேறு. சனேல் மில்லருக்கு நீதிமன்றம் உரிய நீதி தரவில்லை என்பதும், நீதிபதியை நீக்கியது தவறு என்பதும் இரண்டும் ஒரே மூச்சில் உண்மையாக இருக்கலாம்.

பெர்ஸ்கி அப்புறம் என்ன ஆனார்?

குற்ற வழக்குகளை விட்டு விலக அவரே கேட்டு, நீக்கத்துக்கு முன்பே சிவில் பக்கம் போயிருந்தார். ஜூரிக்கு அழைக்கப்பட்ட சிலர் அவர் நீதிமன்றத்தில் உட்காரவே மறுத்ததும் நடந்தது. 2019-இல் சான் ஹோசேவில் ஓர் உயர்நிலைப் பள்ளி அவரை மாணவியர் டென்னிஸ் அணிக்குப் பயிற்சியாளராக எடுத்தது. செய்தி பரவியதும் பெற்றோர் எதிர்த்தார்கள், உடனே வேலை போயிற்று.

நான் அந்த கவுன்டியில் வாக்காளர். நீதிபதி பெயர் சீட்டில் வந்தால் எப்படி முடிவு செய்வது?

குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலர் இந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் மதிப்பீடு வெளியிட்டிருந்தால் படியுங்கள். வேட்பாளர் அரசுத் தரப்பில் மட்டும் வேலை பார்த்தவரா, குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமும் நின்றிருக்கிறாரா என்று பாருங்கள். பணம் கொடுப்பவர் யார் என்பது தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். ஒரே வழக்கின் தலைப்புச் செய்தியை மட்டும் காட்டி ஓட்டுக் கேட்டால், அந்த நீதிபதியின் மற்ற வழக்குகள் எப்படி என்று திருப்பிக் கேளுங்கள். மனுத் தாக்கல் நடக்கும் மாதங்களில் உங்களுக்குத் தெரிந்த நல்ல வழக்கறிஞர் யாராவது இருந்தால், நிற்கச் சொல்லிக் கேட்டும் பாருங்கள்.